மஞ்சள் அட்டை: என் மகள் உட்கொண்ட தொழுநோய்க் கூட்டு மருந்தும் அதைத் தந்த சேவையும்

என் மகள் 11 வயதில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு உட்கொண்ட ஒரு மாத்திரை அட்டையைப் பற்றியும், அதை மாதந்தோறும் கையில் கொடுத்து, தின்று முடித்ததை எண்ணிப் பார்த்த அரசு சேவையைப் பற்றியும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நாங்கள் தொடங்கிய 2023இல் தொழுநோய்க்கான கூட்டு மருந்து நான்கு நிற அட்டைகளில் வந்தது. கிருமி மிகுந்த வகை, குறைந்த வகை என்று நோயை இரண்டாகப் பிரித்து, முதல் வகைப் பெரியவர்களுக்குச் சிவப்பும், இரண்டாம் வகைப் பெரியவர்களுக்குப் பச்சையும், 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதே வரிசையில் மஞ்சளும் நீலமும் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மஞ்சள். விலை கிடையாது, 1995ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இம்மருந்து நோயாளிகளுக்கு இலவசமாகவே போய்ச் சேருகிறது. நோய் இன்னதென்று தெரிந்த வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றில் விரல் இழந்த முதியவர்களின் படங்களும், முழுமையாகக் குணப்படுத்தலாம் என்ற ஒற்றை வரியும் திரும்பத் திரும்பக் கிடைத்தன. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இந்த அட்டையை 28 நாளும் எப்படிக் கொடுப்பது, இடையில் என்னென்ன நேரும் என்பதை வீட்டில் இருந்து கொடுத்துப் பார்த்தவர் எழுதியதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அட்டை வீட்டுக்கு வருமுன் நாங்கள் ஏழு மாதத்தை வீணாக்கிவிட்டோம். மகளின் வலது தோளுக்குக் கீழே, பத்து ரூபாய் நாணய அளவில், சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளிறி, ஓரம் மட்டும் செம்பு நிறமாக ஒரு தேமல் தெரிந்தது. வயிற்றில் பூச்சி இருந்தால் தேமல் விழும் என்று சொல்லி என் மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். பிறகு முதுகில் இரண்டு, தொடையில் ஒன்று என்று கூடியபோது, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். படர்தாமரையாக இருக்கும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு குழாய் தீர்ந்தும் தேமல் அப்படியே இருந்தது. அரிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, அரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் இருந்த பெண் மருத்துவர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டார். "அரிக்குதா பாப்பா?" என்றார். இல்லை என்றதும், பஞ்சைத் திரியாக முறுக்கி, கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். கையிலும் முதுகிலும் சரியாகக் காட்டிய பிள்ளை, தேமலின் நடுவே தொட்டபோது பேசாமல் நின்றாள். எப்போது தொடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு நின்றதாக வீட்டுக்கு வந்து சொன்னாள்.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். பிறந்தது முதல் இல்லாமல் புதிதாக வந்த தேமல், சுண்ணாம்பு போல முழு வெண்மையாக இல்லாமல் வெளிறியோ சிவந்தோ இருந்து, அரிக்காமலும் வலிக்காமலும் மாதக்கணக்கில் நீடித்தால், அதைத் தொழுநோய் தெரிந்த ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் வியர்வை குறைந்திருக்கலாம், மயிர் உதிர்ந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் முகத்தில் வரும் தேமலில் உணர்ச்சி முழுதும் போகாமலே நோய் இருக்கக்கூடும், ஏனென்றால் முகத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன; உணர்ச்சி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் முகத்துத் தேமலை ஒதுக்கிவிடக் கூடாது என்று பின்னர் மாவட்ட மருத்துவமனையில் விளக்கினார்கள்.

என் மகளுக்கு மொத்தம் ஏழு தேமல்கள் இருந்தன. ஐந்து வரை இருந்தால் கிருமி குறைந்த வகை, அதற்கு மேல் போனால் மிகுந்த வகை என்பது கணக்கு. ஊழியர்கள் சுருக்கமாக முன்னதை பி.பி. என்றும் பின்னதை எம்.பி. என்றும் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் இந்த நோய்க்குப் பெருநோய் என்றும் குட்டம் என்றும் பெயர். அந்தப் பெயர்களை வசவாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, எம்.பி. என்ற இரண்டெழுத்து அன்று பெரும் ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அதைப் பேருந்தில் கூடச் சத்தமாகச் சொல்ல முடிந்தது.

இனி அட்டை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அந்த அட்டையில் 28 நாளுக்கான மருந்து முழுவதும் அடங்கிவிடுகிறது. முதல் நாளுக்குரியது தனியாகப் பிரிந்து நிற்கிறது: ரிஃபாம்பிசின் 300 மில்லிகிராமும் 150 மில்லிகிராமுமாக இரண்டு கேப்சூல்கள், குளோஃபாசிமின் 50 மில்லிகிராம் வீதம் மூன்று உருண்டைகள், டாப்சோன் 50 மில்லிகிராம் ஒரு மாத்திரை. இவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊழியரின் கண்முன் விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் வீட்டில் நாள்தோறும் ஒரு டாப்சோன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குளோஃபாசிமின். வெள்ளை மாத்திரை தினமும், பழுப்பு உருண்டை ஒன்றுவிட்ட நாளும் என்று நிறத்தாலேயே கணக்குப் பிடிபட்டுவிடுவதால், மூன்றாம் வாரத்தில் என் மகள் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கினாள். தனித்தனி டப்பாக்களில் மூன்று மருந்துகளைக் கொடுத்து, இதை மாதம் ஒருமுறை, அதை நாள்தோறும், மற்றதை ஒன்றுவிட்டு என்று சொல்லியிருந்தால், வயல் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு மாதம் கூட அது ஒழுங்காக நடந்திருக்காது. தவறு நேர இடமில்லாதபடி ஒரு பொருளைச் செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். டாப்சோன் எளிதாக இறங்கியது. ரிஃபாம்பிசின் கேப்சூல்தான் பெரியது. முதல் மாதம் தொண்டையில் நின்று வாந்தி வந்தது, வாழைப்பழத்தோடு விழுங்கச் சொன்ன பிறகு சரியானது. 10 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு எடை பார்த்து மருத்துவர்தான் அளவைக் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டு அட்டையைப் பாதியாக்கிக் கொடுப்பது ஆபத்து.

மூன்று மருந்து எதற்கு என்று நானும் கேட்டேன். டாப்சோன் மட்டும் கொடுத்த காலத்தில் அதை ஆயுள் முழுவதும் கூட உட்கொள்ள வேண்டியிருந்தது, போகப்போகக் கிருமி அதற்கு அடங்காமலும் போயிற்று. அதனால் 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு மூன்றையும் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. கிருமி மிகுந்த வகைக்கு அப்போது குறைந்தது இரண்டு ஆண்டு என்று இருந்தது, 1990களின் இறுதியில் 12 மாதமாகக் குறைந்தது. அதற்கும் முன்பு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். என் மாமியார் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் எழுந்த தொழுநோய் இல்லத்தில், பின்னாளில் டாப்சோன் வருமுன், அந்த எண்ணெயை ஊசியாகப் போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடந்தவர்கள் உண்டு. என் மகள் ஒரு நாளும் வீட்டை விட்டுப் பிரியவில்லை, நோயின் பொருட்டுப் பள்ளிக்கு விடுப்பு எடுத்ததும் பரிசோதனை நாட்களில் மட்டுமே. ரிஃபாம்பிசினின் முதல் வேளையே கிருமிகளில் பெரும் பகுதியைக் கொன்றுவிடுவதால், சிகிச்சை தொடங்கிய பிள்ளையிடமிருந்து வகுப்பில் யாருக்கும் தொற்றாது. இதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்வதற்கு தொழுநோய்ப் பணிக்கான மாவட்டத் துணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து மருத்துவம் சாரா மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, மகளின் பெயரை வகுப்பில் யாரும் அறியாதபடி, பத்து நிமிடத்தில் பேசிவிட்டுப் போனார். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

முதல் நாள் மருந்து விழுங்கியதும் அந்த மேற்பார்வையாளர் சொன்னார்: "நாளைக்கு வரைக்கும் சிறுநீர் சிவப்பாப் போகும், பயப்படாதீங்கம்மா, அது மருந்தோட நிறம்." சொன்னபடியே போனது, நாங்கள் பயப்படவில்லை. முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்தாலோ தோல் உரிந்தாலோ டாப்சோனை உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்றும் எச்சரித்தார். நல்லவேளையாக அது நேரவில்லை. டாப்சோன் இரத்தத்தைக் குறைக்கும் என்பதால் தொடங்குமுன்னும் இடையிலும் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் கொஞ்சம் இறங்கியிருந்தது, இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையுமாக மீண்டது.

ஆனால் குளோஃபாசிமினைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தச் சேவையில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை அதுதான், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். இரண்டாவது அட்டையின் முடிவில் தேமல்கள் இருந்த இடங்கள் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறின. நோய் முற்றுகிறது என்று நினைத்து நான் இரவெல்லாம் விழித்திருந்தேன். நான்காவது அட்டைக்குள் முகமும் கைகளும் செம்பழுப்பாகிக் கருத்தன. வியர்வை வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியில் இளஞ்சிவப்பாகப் பதிந்தது. காலின் முன்புறத் தோல் மீன் செதில் போல உலர்ந்து வெடித்தது. மருந்து தோலிலும் கொழுப்பிலும் படிந்து தங்குவதால் இந்த நிறம் வருகிறது, மருந்தை நிறுத்திய பின் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிவிடும், நோயோடு இதற்குத் தொடர்பில்லை என்பதை மாவட்ட மருத்துவமனையின் தோல் மருத்துவர் சொல்லக் கேட்டது ஐந்தாம் மாதத்தில்தான். அதற்குள் தெருவில் ஒவ்வொருவரும் கேட்டுவிட்டார்கள். "வெயில்ல திரிய விடுறியா புள்ளைய?" என்று அன்பாகக் கேட்டவர்களும் உண்டு, கேட்காமல் உற்றுப் பார்த்தவர்களும் உண்டு. ஆண்டு விழாக் கோலாட்டத்துக்கு முதலில் பெயர் கொடுத்தவள், ஒத்திகை தொடங்கிய பிறகு வயிற்று வலி என்று சொல்லி விலகிக்கொண்டாள். வகுப்புப் படம் எடுத்த நாளில் பின் வரிசையில் உயரமான பிள்ளைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். படத்தில் அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிகின்றன.

நோயை மறைத்து வைக்க முடிந்த ஒரு பிள்ளையை மருந்தின் நிறம் காட்டிக்கொடுக்கிறது. பெண்பிள்ளையின் நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தைப் பாதியில் நிறுத்துபவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால், இந்த நிறமாற்றம் முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன். நானும் ஒரு முறை பழுப்பு உருண்டையை மட்டும் விட்டுவிட்டு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றதற்குக் காரணம் மகள்தான்; அட்டையில் உருண்டை மிச்சமிருந்தால் சார் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார் என்றாள். முதல் நாளே அவளையும் என்னையும் உட்கார வைத்து, கறுக்கும், உலரும், பிறகு பழைய நிறம் வரும் என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதம் வேறு மாதிரி போயிருக்கும். எங்களுக்குக் கிடைத்த அட்டையோடு தமிழில் எழுதிய தாள் எதுவும் வரவில்லை. இந்தப் பொருளில் நான் கேட்கும் ஒரே மாற்றம், அரைப்பக்கத் தமிழ்க் குறிப்பு.

செய்ய முடிந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். உருண்டையை வெறும் வயிற்றில் தராமல் சாப்பாட்டோடோ பாலோடோ கொடுத்தால் வயிற்று வலி குறைகிறது. வெயிலில் நிற்பதைக் குறைத்தால் கருமையும் ஓரளவு குறைகிறது. முழுக்கைச் சட்டையும் குடையும் உதவின. உலர்ந்த கால்களைப் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து, துடைக்காமல் ஈரத்தின் மீதே தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு நிற்கிறது. எண்ணெயை மட்டும் உலர்ந்த தோலில் தடவிப் பயனில்லை. தமிழாசிரியையிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், வகுப்பில் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட பையன்களை அவர் ஒரே நாளில் அடக்கிவிட்டார்.

அட்டைக்கு அடுத்தபடியாக, ஒரு வகையில் அதைவிட முக்கியமாக, நரம்புச் சோதனையைச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி தோலையும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் பிடிப்பது. தேமல் தானாக மறையலாம், ஆனால் நரம்பு செத்துவிட்டால் கை மடங்கிவிடும். அதனால் மாதந்தோறும் அட்டை வாங்கப் போகும்போது மேற்பார்வையாளர் மகளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்ப்பார். கண்ணை இறுக மூடச் சொல்வார், கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்துவார், பாதத்தை உயர்த்தச் சொல்வார். பிறகு மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து, "விடாதே பாப்பா, நான் இழுக்கிறேன்" என்று இழுப்பார். உள்ளங்கையில் பேனா முனையால் தொட்டு, கண்ணை மூடியபடி இடத்தைக் காட்டச் சொல்வார். பிள்ளை அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டில் தம்பியோடு காகித இழுப்புப் போட்டி நடத்தினாள்.

ஐந்தாவது அட்டை வாங்கப் போன நாளில் வலது கையில் காகிதம் நழுவியது. அவர் மறுபடி இழுத்தார், மறுபடி நழுவியது. முழங்கையை அழுத்தியதும் மகள் கையை உதறினாள். தோளின் தேமல் அந்த வாரம் சிவந்து தடித்திருந்ததை நானும் பார்த்திருந்தேன், மருந்தின் நிறம் என்றே விட்டுவிட்டேன். இறந்த கிருமிகளை எதிர்த்து உடம்பே கிளர்ந்தெழுவதால் நரம்பு வீங்குகிறது, இதற்கு ரியாக்‌ஷன் என்று பெயர், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள் அன்று, அட்டையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். வீக்கத்தை அடக்கும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஐந்து மாதம் கொடுத்தார்கள். முகம் ஊதியது, பசி கூடியது, இரவில் எழுந்து சோறு கேட்டாள். அந்த மருந்தின் மூன்றாம் மாதம் காகிதம் விரலிடையில் நின்றது. நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் மீட்கலாம், அதற்குப் பின் கடினம் என்றார்கள். அந்தக் காகிதத்துக்கு விலை கிடையாது. அதை இழுத்தவர் மாதம் ஒரு முறை ஏமாற்றாமல் இழுத்ததால்தான் என் மகள் வலது கையால் எழுதுகிறாள். இந்தச் சேவையைப் பெறும் எவரும், அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு அவசரமாகத் திரும்பாமல், கையையும் காலையும் கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பார்க்கிறார்கள்.

பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் அருகில் சிகிச்சை பெறாத ஒரு பெரியவர் இருப்பார் என்பது தொழுநோய்ப் பணியாளர்களின் கணக்கு. கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், 11 வயதுப் பிள்ளைக்கு வந்தது சிறுவயதில் நெருக்கத்தில் வந்ததாகவே இருக்கும். 2022இல் உலகில் கண்டறியப்பட்ட 1,74,087 புதிய நோயாளிகளில் 10,302 பேர் பிள்ளைகள், மொத்தத்தில் பாதிக்கு மேல் இந்தியாவில். தொற்று இன்னும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்பதற்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் அடையாளமாக எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் என் மாமனார். காது மடல் தடித்து, புருவம் உதிர்ந்து, முகம் பளபளவென்று இருந்ததை முதுமை என்றே நினைத்திருந்தோம். காதில் சிறு கீறல் போட்டு எடுத்த சோதனையில் கிருமி நிறைய இருந்தது. பேத்தியை மடியில் போட்டு வளர்த்தவர் அவர். முடிவு வந்த அன்று சாப்பிடவில்லை. "என்னால தானா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். மேற்பார்வையாளர் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் தட்டில் இருந்த முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டே, "உங்களுக்கு யாரோ கொடுத்தாங்க பெரியவரே, அவங்களுக்கு யாரோ. நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு இது வர்றதே இல்ல" என்றார். மாமனாருக்குச் சிவப்பு அட்டையும், மரத்துப்போன பாதத்துக்கு எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் செருப்பும் கிடைத்தன. தாத்தாவும் பேத்தியும் ஒரே அலமாரியில் சிவப்பும் மஞ்சளுமாக வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருவர் விழுங்கியதை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள்.

மற்ற எல்லோரையும் சோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பின் ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தந்தார்கள். ஏழு வயது மகனுக்கு 300 மில்லிகிராம். 2018 முதல் நம் நாட்டுத் திட்டத்தில் இருக்கும் தடுப்பு முறை இது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இந்த ஒரு வேளை, முதல் இரண்டு ஆண்டில் நோய் வரும் வாய்ப்பை 57 விழுக்காடு குறைத்தது. முழுப் பாதுகாப்பு அன்று என்பதால் மகனின் தோலை நானே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பார்த்து வருகிறேன்.

சேவையின் குறைகளில் இரண்டு இன்னும் உண்டு. ஒன்று, மூன்றாம் அட்டை முடிந்த நாளில் நான்காவது வந்திருக்கவில்லை. எட்டு நாள் கழித்து வேறு நிலையத்திலிருந்து வாங்கி வந்தார்கள். 12 அட்டைகளை 18 மாதத்துக்குள் முடித்தால் போதும் என்பதால் கெடுதல் இல்லை என்று தெரிந்தாலும், பிள்ளைகளுக்கான அட்டை எண்ணிக்கையில் குறைவு என்பதால் தேவைப்படும் மாதத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. மற்றொன்று, மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்த மாதம், மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் முப்பது பேர் நின்ற வரிசையில் நோயின் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் முதல் நான் வரிசை தொடங்குமுன் போய்விடுவேன். பெயரும் நிறமும் இல்லாமல் ஒரு பதிவு எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஒரு காசும் செலவாகாது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் மருந்தைத் தொடங்கிய 2023இல் கிருமி குறைந்த வகைப் பிள்ளைகளுக்கான நீல அட்டையில் ரிஃபாம்பிசினும் டாப்சோனும் மட்டுமே இருந்தன, நிறம் மாறும் பேச்சே இல்லை. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அந்த வகைக்கும் மூன்று மருந்து, ஆறு மாதம் என்று மாற்றியிருக்கிறார்கள். சிகிச்சையைப் பொறுத்தவரை இது நல்ல மாற்றம். ஆனால் இனி ஒரே ஒரு தேமலோடு வரும் பிள்ளையும் கறுக்கும். அதை அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பொறுப்பு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்தே வந்திருக்கிறது.

அட்டைக்கு என் மதிப்பெண் முழுமை; வேலையைச் சொன்னபடி செய்தது, எந்த வீட்டிலும் பிழையின்றிக் கொடுக்க முடிந்தது. சேவைக்குப் பத்துக்கு ஏழு. அந்த ஏழும் காகிதத்தை இழுத்த கைக்கு. மகள் 12ஆவது அட்டையை முடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. முகத்தின் கருமை முழுவதும் இறங்கிவிட்டது, முழங்கைக்கு மேலும் கால்களிலும் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தோளில் இருந்த தேமலின் நடுவே உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை, அது திரும்பாமலும் இருக்கலாம் என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பு பார்க்கப் போகிறோம். இந்த ஆண்டு கோலாட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், ஒத்திகைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள்.